டிக்கியைத் திறக்க எத்தனை கிளிக்?

கம்ப்யூட்டர் இதழில் ஸ்கூட்டர் டிக்கிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்று விற்பனையாகும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பலவற்றில் பிராசசர் இருக்கிறது. டச் ஸ்கிரீன், புளூடூத், சிம் கார்டு, மொபைல் ஆப், சாப்ட்வேர் அப்டேட் என நம் கம்ப்யூட்டரில் பார்த்த அத்தனையும் இருக்கின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு வரும் அதே திணறல் புதிதாக இந்த வண்டியை வாங்கியவர்களுக்கும் வருகிறது. எனவே இது நம் பக்கத்தில் பேச வேண்டிய விஷயம்தான்.

சீட்டுக்கு அடியில் உள்ள இடத்தைத்தான் நாம் டிக்கி என்கிறோம். அந்த இடம் எவ்வளவு பெரியது என்று கம்பெனிகள் போட்டி போட்டு விளம்பரம் செய்கின்றன. அதை எவ்வளவு சுலபமாகத் திறக்கலாம் என்று சொல்லும் விளம்பரத்தைப் பார்ப்பது அரிது. மின்சாரம், ஸ்கிரீன், போன் ஆகிய மூன்றும் இல்லாமலே டிக்கியைத் திறக்க ஒரு வழி ஒவ்வொரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

லிட்டரும் ஜி.பி.யும்

முதலில் இடம் எப்படிப் பெருகியது என்று பார்ப்போம். பெட்ரோல் ஸ்கூட்டரில் சீட்டுக்குக் கீழே என்ஜின் இருக்கும். பல வண்டிகளில் பெட்ரோல் டேங்கும் அங்கேயே இருக்கும். மீதமுள்ள இடம்தான் டிக்கி. பல வண்டிகளில் இது 20 லிட்டரைச் சுற்றியே இருந்து வந்தது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் என்ஜினும் இல்லை, டேங்கும் இல்லை. பேட்டரியைக் கால் வைக்கும் தளத்திற்கு அடியில் பொருத்திவிட்டால் சீட்டுக்குக் கீழே பெரிய இடம் கிடைக்கிறது.

2021ல் வந்த ஓலா எஸ்1 புரோவில் இந்த இடம் 36 லிட்டர். 2023ல் வந்த ரிவர் இண்டியில் 43 லிட்டர். ஏத்தர் 450எக்ஸ் வண்டியில் 22 லிட்டராக இருந்தது, அதே கம்பெனி 2024ல் கொண்டு வந்த ரிஸ்டாவில் 34 லிட்டர் ஆனது. 2024 டிசம்பரில் வந்த பஜாஜ் சேத்தக் 35 வரிசையில் 35 லிட்டர். ஒரு ஹெல்மெட், காய்கறிப் பை, மழைக்கோட்டு எல்லாம் வைத்த பிறகும் இடம் மிஞ்சும்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கொள்ளளவு மட்டுமே எல்லாம் ஆகிவிடுமா? கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் இத்தனை ஜி.பி. என்றுதான் முதலில் சொல்வார். அந்த டிஸ்க்கிலிருந்து ஒரு பைலை எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதைப் பயன்படுத்தும்போதுதான் உணர்கிறோம். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரைவிட 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக இயங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டிக்கியின் கதையும் இதுதான். லிட்டர் என்பது ஜி.பி. மாதிரி. வைத்த பொருளை வேண்டிய நேரத்தில் எடுக்க முடிகிறதா என்பது தனிக் கேள்வி.

பூட்டு எப்படி சாப்ட்வேர் ஆனது?

பழைய ஸ்கூட்டரில் சீட்டின் பக்கவாட்டில் ஒரு சாவித் துளை இருக்கும். சாவியைத் திருப்பினால் உள்ளே உள்ள கொக்கி விலகும், சீட் திறக்கும். பிறகு வந்த வண்டிகளில் முன்பக்கச் சாவித் துளையிலிருந்தே ஒரு கம்பி, அதாவது கேபிள், பின்னால் போய்க் கொக்கியை இழுக்கும். இரண்டிலும் மின்சாரத்துக்கு வேலை இல்லை.

இப்போது பல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் அந்தக் கொக்கியை ஒரு சின்ன மோட்டார் அல்லது மின்காந்தம் இழுக்கிறது. அதற்குக் கட்டளை தருவது சாப்ட்வேர். சில வண்டிகளில் சுவிட்ச் இருக்கிறது. சில வண்டிகளில் ஸ்கிரீனில் உள்ள ஐகானைத் தொட வேண்டும், அல்லது போனில் ஆப்பைத் திறக்க வேண்டும். சாவியைத் தேட வேண்டாம், தொலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் படிகளை எண்ணிப் பாருங்கள். வண்டியை ஆன் செய்ய வேண்டும். ஸ்கிரீன் விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பாஸ்கோடு கேட்டால் தர வேண்டும். ஐகானைத் தேடித் தொட வேண்டும். பிறகு சீட்டைத் தூக்க வேண்டும். ஒரு கையில் பால் பாக்கெட், மறு கையில் குழந்தை என்று நிற்பவருக்கு இது சின்ன வேலை அல்ல. மழையில் இன்னும் சிரமம். டச் ஸ்கிரீன் நம் விரல் படும்போது அதன் பரப்பில் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தை வைத்துத்தான் தொடுதலை அறிகிறது. தண்ணீர்த் துளி விழுந்தால் அது குழம்பும். சாதாரண கையுறை போட்டிருந்தாலும் வேலை செய்யாது.

கம்ப்யூட்டரில் இதற்கு ஒப்பான ஒரு சம்பவம் உண்டு. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8ல் ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். ஓரத்துக்கு மவுசைக் கொண்டு போனால் வரும் என்றார்கள். பயனாளர்கள் முணுமுணுத்தார்கள், திட்டினார்கள். ஒரே வருடத்தில், 2013 அக்டோபரில், விண்டோஸ் 8.1ல் அந்தப் பட்டன் திரும்பி வந்தது. தினமும் பலமுறை செய்யும் வேலைக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒரு பட்டன் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம். டிக்கி திறப்பதும் தினமும் பலமுறை செய்யும் வேலைதான்.

ஆப் வழியாகத் திறப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புளூடூத் மூலம் என்றால் போனும் வண்டியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். இண்டர்நெட் மூலம் என்றால், உங்கள் கட்டளை போனிலிருந்து கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வண்டியில் உள்ள சிம்முக்கு வர வேண்டும். வணிக வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் இல்லை என்றால், வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் பயன் இல்லை.

பீரோவுக்குள் பீரோ சாவி

இதுவரை சொன்னவை எரிச்சல் தரும் விஷயங்கள். இனி வருவது சிக்கலில் மாட்டிவிடும் விஷயம். சார்ஜ் முழுவதும் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பெரிய பேட்டரி மோட்டாரை ஓட்டுகிறது. விளக்கு, ஸ்கிரீன், பூட்டு போன்றவை 12 வோல்ட்டில் இயங்குகின்றன. பெரிய பேட்டரியின் வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு சாதனம் அதைத் தருகிறது. சில வண்டிகளில் அதற்கென்றே சின்ன 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. இந்தப் பாதையில் எங்கே கோளாறு வந்தாலும் பூட்டுக்கு உயிர் இருக்காது. சில நேரம் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் சீட் திறக்காமல் போகலாம்.

இப்போது டிக்கிக்குள் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். சார்ஜர் தனியாக வரும் வண்டிகளில் பலர் அதை டிக்கியில்தான் வைத்துக்கொண்டு போகிறார்கள். சில ஸ்கூட்டர்களில் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சார்ஜ் ஏற்ற சார்ஜர் வேண்டும், சார்ஜர் எடுக்க டிக்கி திறக்க வேண்டும், டிக்கி திறக்கச் சார்ஜ் வேண்டும். பீரோவின் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

பேட்டரியையே கழற்றி எடுக்கும் வண்டிகளும் வந்துவிட்டன. 2022ல் வந்த விடா வி1, 2024ல் அறிமுகமான ஹோண்டா ஆக்டிவா இ ஆகியவற்றில் சீட்டைத் திறந்துதான் 2 பேட்டரிகளையும் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டிகளில் சீட்தான் சார்ஜுக்கு வாசல். வாசல் கதவு எந்த நிலையிலும் திறந்தாக வேண்டும். சர்க்கரை நோயாளி ஒருவரின் மருந்துப் பை உள்ளே இருக்கலாம், பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் ஹால் டிக்கெட் இருக்கலாம். அந்த நேரத்தில் சர்வீஸ் சென்டருக்கு டோக்கன் போட்டுக் காத்திருக்க முடியுமா?

சி.டி. டிரைவில் இருந்த ஓட்டை

இதற்குத் தீர்வு கம்ப்யூட்டர் உலகில் எப்போதோ வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரின் சி.டி. டிரைவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சி.டி.யை வெளியே எடுக்க அதில் 3 வழிகள் இருந்தன. மை கம்ப்யூட்டரில் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுப்பது முதல் வழி. டிரைவின் முகப்பில் உள்ள பட்டனை அழுத்துவது இரண்டாவது வழி. மின்சாரமே இல்லாவிட்டால், முகப்பில் உள்ள சின்ன ஓட்டையில் ஜெம் கிளிப்பை நிமிர்த்திச் செருகினால் தட்டு வெளியே வரும். அது மூன்றாவது வழி.

அந்த ஓட்டையைப் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பெரும்பாலான டிரைவ்களில் அது இருந்தது. ஸ்கூட்டர் டிக்கிக்கும் இதே 3 வழிகள் வேண்டும். ஆப் அல்லது ஸ்கிரீன் ஒன்று. ஹேண்டில்பார் அருகே தொட்டுப் பார்த்தே அடையாளம் காணக்கூடிய பட்டன் இரண்டு. மின்சாரம் தேவைப்படாத சாவியும் கேபிளும் மூன்று.

திருடனுக்கு வழி காட்டுவது ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஜெம் கிளிப்புக்குப் பதில் சாவி என்கிறேன். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் சாவியால் மட்டுமே திறக்கும் துளை போதும். மூடி போட்டு மறைத்தும் வைக்கலாம். பல ஆண்டுகளாகப் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் சாவியால்தான் பூட்டப்பட்டு வந்தன. விலை கூடும் என்பதும் பெரிய வாதம் அல்ல. ஒரு பூட்டு, ஒரு கேபிள், அவ்வளவுதான்.

கார் கம்பெனிகள் இதை யோசித்திருக்கின்றன. டெஸ்லா மாடல் 3 காரில் முன்பக்க டிக்கியும் மின்சாரத்தில்தான் திறக்கும். 12 வோல்ட் மின்சாரம் போய்விட்டால், முன் பம்பரில் உள்ள ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் 2 வயர்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் திறக்கலாம். அரசுகளும் தலையிட்டிருக்கின்றன. 1998ல் அமெரிக்காவில் குழந்தைகள் கார் டிக்கிக்குள் மாட்டிக்கொண்டு இறந்தனர். அதன் பிறகு, 2001 செப்டம்பர் 1 முதல் தயாராகும் கார்களின் டிக்கியில் உள்ளிருந்தே திறக்கும் வசதி அங்கே கட்டாயம் ஆனது. மின்சாரம் போனாலும் கார்க் கதவைத் திறக்க இயந்திரக் கைப்பிடி வேண்டும் என்ற வரைவு விதியைச் சீனா 2025 செப்டம்பரில் வெளியிட்டது.

நம் நாட்டிலும் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டது. அதே அக்கறையை டிக்கிப் பூட்டின் மீதும் காட்டலாம். ஏத்தரும் டி.வி.எஸ்.ஸும் ஓசூரில் தயாராகின்றன, ஓலா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகிறது. நம் ஊரில் தயாராகும் வண்டிகளிலிருந்தே இந்த மாற்றம் தொடங்கட்டுமே!

ஷோரூமில் கேளுங்கள்

வண்டி வாங்கப் போகிறவர்கள் ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. கீழே உள்ளவற்றையும் சோதித்துப் பாருங்கள்.

1. சார்ஜ் பூஜ்யம் ஆனால் சீட்டை எப்படித் திறப்பது என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள்.

2. போனைப் பையில் வைத்துவிட்டு, ஒரே கையால் திறந்து பாருங்கள்.

3. திறந்த சீட் தானாக நிற்கிறதா, கை மேல் விழுகிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்தியும் பாருங்கள்.

4. உங்கள் ஹெல்மெட்டைக் கொண்டு போய் உள்ளே வைத்துப் பாருங்கள். அதை வெளியே எடுக்காமல் அடியில் உள்ள பொருளை எடுக்க முடிகிறதா?

5. உள்ளே விளக்கு இருக்கிறதா? சார்ஜரையும் மருந்தையும் மேலாக வைக்கத் தனித் தடுப்பு இருக்கிறதா?

6. சாப்ட்வேர் அப்டேட் நடக்கும்போது சீட் திறக்குமா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வண்டியுடன் வந்த கையேட்டைப் புரட்டி, அவசரத்தில் சீட்டைத் திறக்கும் முறை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் சார்ஜரையும் மருந்தையும் டிக்கியில் வைக்காதீர்கள். முன்பக்கக் கொக்கியில் மாட்டிய பையே மேல். கூடவே, அப்படி ஒரு வழி வேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு இமெயில் அனுப்புங்கள். ஸ்டார்ட் பட்டன் திரும்பி வந்ததும் பயனாளர்கள் கேட்டதால்தான்.