பிரதாபசிம்மர் யார் வயிற்றுப் பிள்ளை?

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரை "காமக்கிழத்தி மகன், அரியணைக்கு உரிமையில்லாதவர்" என்று இன்னமும் பதிவு போடுகிறார்கள். துக்கோஜியின் மகன்தான் ஐயா! தாய் பட்டத்தரசி இல்லை, அவ்வளவே. அவரை மன்னர் என்றே பல ஆண்டுகள் கடிதத்தில் விளித்த கும்பினியாருக்கு, 1749இல் பதவியிழந்த ஷாஜி நம் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு வந்து, "தேவிக்கோட்டையைத் தருகிறேன்" என்றதும்தான் பிறப்பு ஞாபகம் வந்தது. அந்த ஷாஜி சரபோஜிக்குப் பிறந்தவரே இல்லை என்றும் ஒரு வழக்கு உண்டு. அதை யாரும் எழுதுவதில்லை. முதல் படை தோற்றுத் திரும்பியது. அடுத்து லாரன்ஸும் கிளைவும் போய், சிதம்பரத்துக்கு அப்பால் கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்ததும் அதே 'உரிமையில்லாத' பிரதாபசிம்மரோடு சமாதானம்! ஷாஜிக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், அதுவும் பிரதாபசிம்மர் கஜானாவிலிருந்து. கோட்டை கும்பினிக்கு. இதில் தாயின் குலம் எங்கே வந்தது? பதிவு போட்டவர்கள் சொல்லட்டும்.