சம்பளம் வாங்காத தலைவர்

சேத்தூரில் என் பெரியப்பா இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அரசு மானியத்தில் நடக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பல வருஷம் தலைவராக இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுவார். கணக்கு நோட்டைப் புரட்டுவார், சமையல்கட்டில் சாம்பாரை ருசி பார்ப்பார், மானியம் தாமதமானால் விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்கு அலைவார். எல்லாம் சொந்தச் செலவு. "டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் இல்ல, உங்களுக்கு உண்டே" என்று பெரியம்மா முனகுவார்.

மருந்துச் செலவு பென்ஷனைத் தின்ன ஆரம்பித்ததும் பெரியப்பா விலகிவிட்டார். அடுத்து வந்தவர் வசதியானவர். "சல்லிக்காசு வாங்க மாட்டேன்" என்று மேடையில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான். ஆறே மாதத்தில் அரிசி, பருப்பெல்லாம் அவருடைய மச்சான் கடையிலிருந்து வந்தது, வெளி விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக. கேட்டால், "அவர் சம்பளமே வாங்கலையே!" என்று நம் வாயை அடைத்தார்கள்.

பொதுக்காரியம் என்றால் கைக்காசு போட்டுச் செய்ய வேண்டும் என்பது நம் பக்கத்தில் ஊறிப்போன எண்ணம். 1949 முதல் 1952 வரை சென்னையின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா, ராஜபாளையத்துத் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கொடுக்க ஒரு வீடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கோயில்களிலும் செயல் அலுவலருக்குத்தான் சம்பளம், அறங்காவலர் குழுத் தலைவருக்குக் கிடையாது. அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

அதே சேத்தூரில் பேரூராட்சித் தலைவருக்கு மதிப்பூதியம் உண்டு. 2023 ஜூலை முதல் பேரூராட்சித் தலைவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய், உறுப்பினர்களுக்கு 2,500 என்று அரசு அறிவித்தது. அதை யாரும் தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

டிரஸ்ட் தலைவருக்குச் சம்பளம் கொடுத்தாலே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செய்யும் வேலைக்குத் தகுந்த நியாயமான தொகையை வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. அளவு மிஞ்சினால்தான் வரிவிலக்குக்கு ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், தலைவரின் சொந்தக்காரரிடம் கூடுதல் விலைக்குப் பொருள் வாங்கினாலும் அதே ஆபத்துதான். அந்தச் சொந்தக்காரர் பட்டியலில் மனைவியின் உடன்பிறந்தவரும் வருகிறார், அதாவது நம்ம மச்சான்! இங்கிலாந்தில் சட்டம் இன்னும் கறார். அறங்காவலருக்குப் பொதுவாகச் சம்பளமில்லை. கொடுக்க வேண்டுமென்றால் அமைப்பின் விதியிலோ சட்டத்திலோ இடம் இருக்க வேண்டும், இல்லையேல் அறநிலைய ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

'அந்தக் காசு ஒரு பாட்டியின் தட்டிலிருந்துதானே போகிறது?' என்று நீங்கள் கேட்பீர்கள். போகிறதுதான். மாதம் 3,000 என்றால் வருஷத்துக்கு 36,000 ரூபாய், சின்னத் தொகையில்லை. ஆனால் அது கணக்கில் எழுதப்பட்ட 36,000. மச்சான் கடைக்குப் போனது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. தொகையைத் தலைவர் இல்லாத கூட்டத்தில் மற்றவர்கள் முடிவு செய்யட்டும். வாசலில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிப் போடட்டும்.

போன மாதம் பெரியப்பாவிடம், "மாசம் மூவாயிரம் குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?" என்று கேட்டேன். "சேச்சே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பஸ் காசும் காபிக் காசும் குடுத்திருந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பேன்டா" என்றார்.

பெரியம்மா உள்ளேயிருந்து, "அப்ப வாங்கியிருப்பாருன்னு எழுதிக்கோ" என்றார். எழுதிவிட்டேன்.