மணத்தால் வரும் பட்டம்

ஆங்கிலத்தில் ஆணின் பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ என்ற ஒரே பட்டம்தான். அவருக்கு மணமாகிவிட்டதா என்பதை அது சொல்வதில்லை. பெண்ணின் பெயருக்கு முன்னால் வரும் ‘மிஸ்’, ‘மிசஸ்’ இரண்டும் அதைத்தான் முதலில் சொல்கின்றன.

இந்தப் பிரிவு மிகப் பழையது அல்ல. இரண்டுமே ‘மிஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லின் சுருக்கங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடை நடத்திய பெண்ணும், பெரிய வீடுகளின் சமையல் பொறுப்பில் இருந்த பெண்ணும் மணமாகாதவராக இருந்தாலும் ‘மிசஸ்’ என்றே மதிக்கப்பட்டார்கள். பின்னாளில்தான் அந்த மரியாதை மனைவிக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘மிசஸ் ஜான் ஸ்மித்’ என்று கணவரின் முழுப் பெயரையே மனைவிக்குச் சூட்டும் வழக்கமும் பரவியது. பெண்ணின் சொந்தப் பெயருக்கு அதில் இடமே இல்லை. கணவர் ‘சர்’ ஆனால் மனைவி ‘லேடி’ ஆனார்.

கணவர் வழியே வரும் பட்டம் எவ்வளவு உறுதியற்றது என்பதைப் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாறு காட்டுகிறது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். திருமணம் சட்டப்படி நடந்தது. ஆங்கில மரபை அப்படியே பின்பற்றியிருந்தால் ‘ஹிஸ் ஹைனஸ்’ என்ற மன்னரின் மனைவி ‘ஹெர் ஹைனஸ்’ ஆகியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. அவரை ராணியாக அங்கீகரிக்கவும் மறுத்தது. 1916இல் பிறந்த மகனுக்கும் அரியணை உரிமை கிடைக்கவில்லை. இருவரும் புதுக்கோட்டையில் சில மாதங்களே தங்கினார்கள். மன்னர் வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928இல் பாரிஸில் காலமானார். மனைவிக்குரிய பட்டம் திருமணத்தோடு தானாக வந்துவிடுவதில்லை, அதிகாரம் விரும்பினால் தரும், விரும்பாவிட்டால் மறுக்கும் என்பது இதில் தெளிவாகிறது.

அதே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி வேறு வழியில் பட்டம் பெற்றார். பெண்கள் படிக்காத மகாராஜா கல்லூரியில் அவர் சேர எதிர்ப்பு எழுந்தபோது இடம் தர ஆணையிட்டவர் இதே மார்த்தாண்ட பைரவர்தான். முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் தேர்ச்சி பெற்று டாக்டரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். ‘ரெட்டி’ என்ற பின்னொட்டு கணவர் வழி வந்தது. ‘டாக்டர்’ அவரே உழைத்துப் பெற்றது. ஆனாலும் சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவராக உயர்ந்த அவரது பெயரை எழுதிய ஆங்கிலப் பதிவுகள் பலவற்றில் ‘டாக்டர்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘மிசஸ்’ சேர்க்கப்பட்டது. கணவரும் மருத்துவர்தான்; அவர் மணமானவர் என்று எங்கும் அடைப்புக்குறி போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ‘மிஸ்’, ‘மிசஸ்’ இரண்டுக்கும் பொதுவாக ‘Ms.’ என்று எழுதி, ‘மிஸ்ஸ்’ (Mizz) போல உச்சரிக்கும் ஒரு பட்டத்தை 1901இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில நாளிதழ் ஒன்று முன்மொழிந்தது. எழுபதுகளில் பெண்ணுரிமை இயக்கம் அதைக் கையில் எடுத்தது. 1972இல் அதே பெயரில் ஓர் இதழும் வெளிவரத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1986இல்தான் அதை ஏற்றது.

தமிழில் வளர்ந்த ஆண்களுக்குப் பொதுவாகத் ‘திரு’ ஒன்றுதான். பெண்களுக்குத் ‘திருமதி’, ‘செல்வி’ என இரண்டு. விண்ணப்பப் படிவங்கள் பலவும் பெண்ணிடம் இவற்றில் எது என்று கேட்கின்றன. திருமண அழைப்பிதழ்கள் பலவற்றில் ‘திரு – திருமதி’ என்பதை அடுத்துக் கணவர் பெயர் மட்டும் அச்சாகிறது. விரும்பிச் சூடிக்கொள்பவருக்குத் ‘திருமதி’ பெருமையாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் மணவாழ்க்கையைப் பற்றிய கேள்வி மரியாதையின் நிபந்தனையாகக் கூடாது. வங்கியோ பள்ளியோ ஒரு பெண்ணிடம் அறிய வேண்டியது அவர் பெயரைத்தான். தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் நிதியுதவித் திட்டத்துக்கு ‘டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி’ என்றே பெயர். அதில் ‘திருமதி’ இல்லை. அதனால் அவர் மரியாதை சற்றும் குறையவில்லை.