அமைதிப் பிள்ளைகளில் இரண்டு ரகம்!

சிப்பியின் ஓட்டைப் பார்த்து, உள்ளே முத்து இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியாது! தூத்துக்குடிக் கடலில் சலாபம் நடந்த காலத்தில் இதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். சலாபம் என்பது முத்துக்குளிப்புக்குப் பழைய பெயர். குளிப்பை அறிவிக்கும் முன்பு சர்க்கார் அதிகாரிகள் பாருக்குப் போய் மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போடுவார்கள். கணக்குத் தேறினால்தான் 'இந்த ஆண்டு சலாபம் உண்டு' என்பார்கள். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல்.

சிப்பிக்குக் காட்டிய இந்தப் பொறுமையை மனிதர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. ஓட்டைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு வீட்டில் பையன் அதிகம் பேசுவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் ஓரத்து நாற்காலியைத் தேடுகிறான். கஷ்டப்படுகிறவர்களைக் கண்டால் சட்டைப் பையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நடந்து வருகிறான். நியாயம், அநியாயம் என்று பேச்சு வந்தால் மட்டும் முகம் சிவக்கிறது. "ஏல, எங்கே பார்த்துக்கிட்டு இருக்கே? வாயைத் திறந்து சொல்லேன்!" என்று தாய் கத்துகிறாள். பதில் இல்லை. 'இவன் ஒரு மாதிரி' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த தெருவில் இதே போல் ஒரு பெண். அவளும் 'ஒரு மாதிரி'தான்!

இருவரும் ஒரே மாதிரியா? தப்பு நடப்பது இந்த இடத்தில்தான்.

கடைசி எழுத்து

மனிதர்களை 'உள்முகத்தார்', 'வெளிமுகத்தார்' என்று பிரித்தவர் சுவிட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ மேதை கார்ல் யுங். 1921-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தப் பாகுபாடு வருகிறது. (இந்த யுங் 1937-38-ல் இந்தியாவுக்கு வந்தவர். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையான இலங்கையையும் பார்த்துவிட்டுப் போனார்.) அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இஸபெல் மயர்ஸ் என்ற மகளும் அவருடைய கருத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். பதில்களைக் கூட்டிப் பார்த்தால் நான்கு எழுத்து வரும். மொத்தம் 16 ரகம்.

இன்றைக்கு அந்த மாதிரிக் கேள்வித்தாள் கைப்பேசிக்கு வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் எழுதி முடித்து, ஜாதகக் கட்டம் போல் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள்.

அந்தப் பதினாறில் இரண்டு ரகம்தான் ஆளை ஏமாற்றுகிறவை. ஒன்று ஐ.என்.எப்.பி. மற்றொன்று ஐ.என்.எப்.ஜே. இரண்டும் உள்முகம். இரண்டும் லட்சியம் பேசும். இரண்டுக்கும் இளகிய மனம். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. இந்த வாரம் எழுதினால் ஒன்று வரும். அடுத்த மாதம் எழுதினால் மற்றது வரும்! இதனாலேயே இந்தப் பரீட்சையை ஏற்காத மனோதத்துவ நிபுணர்கள் பலர் உண்டு. அவர்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது. ஆனால், தாள் சரியில்லை என்பதற்காக இரண்டு சுபாவமும் ஒன்றாகிவிடுமா?

ஓர் எழுத்துத்தானே என்று நினைக்கக்கூடாது. இந்த ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப்படி, அந்த ஓர் எழுத்து மாறினால் உள்ளே உள்ள எல்லாமே தலைகீழ். முதல் ரகத்துக்கு உள்ளே இருப்பது ஒரு தராசு. எதைக் கண்டாலும் 'இது என் மனசுக்குச் சரியா?' என்று அதில் வைத்து நிறுத்துப் பார்ப்பார். இரண்டாவது ரகத்துக்கு உள்ளே இருப்பது ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி. 'இது எங்கே போய் முடியும்? யார் யார் கூட வருவார்கள்?' என்று அதன் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்டை ஊர்க்காரர் இருவர்

எட்டயபுரமும் ஓட்டப்பிடாரமும் இன்றைய தூத்துக்குடி ஜில்லாவில் உள்ள ஊர்கள். ஓர் ஊரில் பாரதியார் பிறந்தார். மற்றோர் ஊரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். இருவரும் நண்பர்கள். 1907-ல் சூரத் காங்கிரசுக்கு இருவரும் போனார்கள்.

"மேடையில் முழங்கியவர்களை உள்முகத்தார் என்பதா?" என்று சிலர் சண்டைக்கு வரலாம். கூச்சம் வேறு, உள்முகம் வேறு. யுங் சொன்னது, ஒருவர் தம் அளவுகோலை எங்கே வைத்திருக்கிறார் என்பதைப் பற்றி. ஊரார் மெச்சுவதை இந்த இருவரும் அளவுகோலாக வைக்கவில்லை. மற்றபடி, காலமானவர்களுக்குக் கேள்வித்தாள் நீட்ட முடியாது. அவர்கள் செய்ததைத்தான் பார்க்க வேண்டும்.

சிதம்பரம் பிள்ளை என்ன செய்தார்? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரன் கப்பல்தான் ஓடியது. 'நம் கப்பல் ஓட வேண்டும்' என்று கனவு கண்டார். கனவு கண்டவர் பலர் இருந்திருக்கலாம். அவரோ 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். 40 ஆயிரம் பங்கு. 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன!

பாரதியாருக்கும் ஒரு திட்டம் இருந்தது. 1920-ல் கடையத்தில் இருந்தபோது போட்டது. தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10 ஆயிரம் பிரதி அச்சடிப்பதென்று கணக்குப் போட்டார். மொத்தம் 4 லட்சம் புத்தகம்! நண்பர்களிடம் பணம் கேட்டு எழுதினார். அந்தத் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிட்டது. கணக்கு இருவரும் போட்டவர்கள்தான். ஒருவர் 25 ரூபாய்க்காரனைத் தேடி ஊர் ஊராய்ப் போனார். மற்றவர், விஷயம் நல்லது என்றால் உலகம் தானே ஓடி வரும் என்று நம்பினார்.

அரண்மனை உத்தியோகம், மதுரையில் தமிழ்ப் பண்டிதர் வேலை, பத்திரிகை ஆபீஸ் என்று பாரதியார் மாறிக்கொண்டே இருந்தார். புதுச்சேரியில் செல்லம்மாள் சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோரும் அறிந்தது. வீட்டுக்காரிக்கு அது எத்தனை சங்கடம்! ஆனால், அந்த நிமிஷத்தில் அவருடைய தராசு குருவியின் பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான்.

அடிபட்ட பிறகு

இந்த இரண்டு சுபாவத்தையும் பிரித்துக் காட்டுவது தோல்விதான்.

1908-ல் சிதம்பரம் பிள்ளை கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை. மேல் கோர்ட்டில் குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறை. செக்கு இழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி மூழ்கியது. அந்த நிலையில் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 'மெய்யறம்' எழுதினார். மாணவன், இல்வாழ்வான், அரசன் என்று ஒவ்வொருவர் கடமையையும் வகுத்து 125 அதிகாரம்! தம் கப்பல் போய்விட்டது. ஆனாலும் மற்றவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று படம் போட்டுக்கொண்டிருக்கிறார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை.

அதே 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகை நின்றது. பணம் இல்லை. அவர் வகுத்தது கடமைப் பட்டியல் அல்ல, 'கண்ணன் பாட்டு'. கண்ணனைத் தோழனாக, தாயாக, சேவகனாக, காதலியாக, கண்ட உறவாகவெல்லாம் ஆக்கிப் பாடினார். அவருக்கு வந்த துக்கம் அவருடைய நெஞ்சுக்குள்ளேயே திரும்பிப் போய்ப் பாட்டாக வந்தது.

இப்போது அந்த 'ஒரு மாதிரி' பிள்ளைகளுக்கு வருவோம்.

முதல் ரகப் பிள்ளை எதற்கும் 'சரி' என்பான். சாப்பாடு, சட்டை, ஊர்ப் பயணம் எதிலும் பிடிவாதம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டால் மலை போல் நிற்பான். அடித்தாலும் அசைய மாட்டான். ஆரம்பித்த வேலையில் பாதியை அப்படியே போட்டிருப்பான். அவனைச் 'சோம்பேறி' என்கிறார்கள்.

இரண்டாவது ரகப் பெண் எல்லோருக்கும் அனுசரணை. யாருக்கு மனக்கஷ்டம் என்று முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். சொன்ன வேலை முடிந்திருக்கும். அதனால் அவளைப் பற்றி வீட்டில் கவலையே இல்லை. ஆனால், தன் கஷ்டத்தைச் சொல்ல மாட்டாள். பல வருஷம் பொறுத்து, ஒரு நாள் ஒரே வெட்டாக வெட்டிக்கொள்வாள். "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தாள்!" என்று வீடே திகைத்து நிற்கும்.

பையனுக்குக் கால அட்டவணை எழுதி ஒட்டினால் அட்டவணை கிழியும். 'உனக்கு இது பிடித்திருக்கிறதா, ஐயா?' என்று தகப்பனார் ஒரு தடவை கேட்டால் போதும், அவன் பேசுவான். அந்தப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டால் 'பிடித்திருக்கிறது, அப்பா' என்றுதான் சொல்வாள். அவர் மனம் நோகக்கூடாதே! அவளிடம், 'இதில் போனால் பத்து வருஷம் கழித்து எங்கே நிற்பாய், தாயி?' என்று கேட்க வேண்டும். அவள் ஏற்கெனவே அதைப் பார்த்து வைத்திருப்பாள்.

பாரதியார் 1921-ல் காலமானார். சிதம்பரம் பிள்ளை அதற்குப் பிறகு 15 வருஷம் இருந்தார். 1936 நவம்பர் 18-ந் தேதி, அவர் விருப்பப்படியே, தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீசில் உயிர் பிரிந்தது. அந்தக் கடைசி நேரத்தில் அவர் பாடச் சொல்லிக் கேட்டது பாரதியாரின் பாட்டைத்தான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.