ஆங்கிலம் படிப்போம்: லோரி வந்திருந்தால்...



இந்த இதழில் ‘இஃப்’ என்ற சொல்லைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பாடத்துக்கு முன் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதியவன் நானேதான். அது 1967ஆம் ஆண்டு. எனக்குப் பதினைந்து வயது.

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுப் பெரியப்பாவை விடியற்காலையில் பால்மரக் காட்டில் பாம்பு கடித்துவிட்டது. ஆள் ஓடிச் சொல்லி, தோட்டத்து லோரி வந்து சேர்வதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரியம்மா என்னிடம் வந்தார்.

“தம்பி, நீதான் டவுன்லே இங்கிலீஸ் படிக்கிறே. துரைக்கு ஒரு காயிதம் எழுதிக் கொடுய்யா. லோரி நேரத்தோட வந்திருந்தா பெரியப்பா பொழைச்சிருப்பாருன்னு எழுது.”

எழுதினேன். “இஃப் லாரி கம் எர்லி, ஹி வில் லிவ்.” என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆபீஸில் கிராணியார் படித்துப் பார்த்துவிட்டு, “லோரி சீக்கிரம் வந்தால் பிழைத்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறதே, ஆள் இன்னும் உயிரோடா இருக்கிறார்?” என்று கேட்டார். கேலி செய்தாரா, மெய்யாகவே குழம்பினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கினார். அந்தக் கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை.

என் பிழை எங்கே? மழையை வைத்துச் சொல்கிறேன். மழைக்கும் பால் வெட்டுக்கும் உள்ள பகை உங்களுக்குத் தெரியாததல்ல.

நாளை மழை பெய்தால் பால் வெட்ட மாட்டோம்: “இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வி வில் நாட் டேப்.” மழை வரலாம், வராமலும் போகலாம். இது நடக்கக்கூடியது. ஆகவே சாதாரண நிகழ்காலச் சொல்லே போதும். ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ போடாதீர்கள். அது மறுபாதிக்கு உரியது.

இப்போது வெளியே கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் உட்கார்ந்து, “மழை பெய்யாமல் இருந்தால் இந்நேரம் பால் வெட்டிக்கொண்டிருப்போம்” என்கிறோம். மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. நாம் சொல்வது கற்பனை. ஆங்கிலத்தில் இதற்கு இறந்தகாலச் சொல்லைப் போட வேண்டும்: “இஃப் இட் வேர் நாட் ரெய்னிங், வி வுட் பி டேப்பிங் நௌ.” பேச்சோ இப்போதைய மழையைப் பற்றி, சொல்லோ இறந்தகாலச் சொல். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இந்த இடத்தில் இறந்தகாலச் சொல் நேற்றைக் காட்டவில்லை. ‘இது உண்மையல்ல’ என்பதைக் காட்டுகிறது.

இது என்ன விநோதம் என்று ஆங்கிலத்தைப் பழிக்க வேண்டாம். ‘வந்தால்’ என்ற நம் சொல்லையே பிரித்துப் பாருங்கள். ‘வந்தான்’ என்பதில் உள்ள அதே ‘வந்த்’ தான் அதிலும் இருக்கிறது. நாளைக்கு வருவதைப் பற்றிப் பேசும்போதும் ‘வருவால்’ என்று நாம் சொல்வதில்லையே! நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் நாம் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்கிறோம். “சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்” என்றால் அது நடப்பு. “அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா” என்றால் அது நடக்காத காரியம். இரண்டிலும் அதே ‘ஆல்’. பொருளை நாமே புரிந்துகொள்கிறோம். மலாயில் இன்னும் எளிது. ‘கலாவ் ஹூஜான்’ என்றால் போதும். நேற்றைய மழையோ நாளைய மழையோ, வினை மாறாது. இந்த இரண்டு மொழிப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும் பிள்ளை ‘இஃப்’ ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில் வியப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

‘வேர்’ பற்றி ஒரு வார்த்தை. ‘ஐ வாஸ்’ என்று படித்த பிள்ளை, “இஃப் ஐ வேர் யூ” என்பதைக் கண்டதும் அச்சுப்பிழை என்று எண்ணும். பிழையில்லை. கற்பனையில் ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ எல்லாவற்றுக்கும் ‘வேர்’ வரும். பேச்சில் ‘வாஸ்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தேர்வுத் தாளிலும் விண்ணப்பத்திலும் ‘வேர்’ எழுதுவதே நல்லது.

இனி நடந்து முடிந்ததற்கு வருவோம். நேற்று மழை பெய்தது, ஒரு நாள் கூலி போயிற்று. அதை மாற்ற முடியாது. நினைத்துப் பார்க்கத்தான் முடியும். “நேற்று மழை பெய்யாமல் இருந்திருந்தால் பால் வெட்டியிருப்போம்.” இந்த இடத்தில் தமிழும் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது, கவனித்தீர்களா? ‘இருந்திருந்தால்’ என்பதற்கு ‘ஹேட்’. ‘வெட்டியிருப்போம்’ என்பதற்கு ‘வுட் ஹேவ்’. “இஃப் இட் ஹேட் நாட் ரெய்ன்ட் யெஸ்டர்டே, வி வுட் ஹேவ் டேப்ட்.” இரண்டு பாதியிலும் வினை மூன்றாம் வடிவத்தில் நிற்கும். ‘இஃப்’ பக்கத்திலும் ‘வுட் ஹேவ்’ போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு.

பெரியம்மா தம் வாயால் சரியாகத்தான் சொன்னார். ‘வந்திருந்தா’, ‘பொழைச்சிருப்பாரு’ என்றார். லோரி நேரத்துக்கு வரவில்லை, அவர் பிழைக்கவில்லை என்ற இரண்டு செய்தியும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தன. பள்ளிக்கூடம் போன நான்தான் அவற்றைத் தொலைத்துவிட்டேன். நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்:

“இஃப் தி லாரி ஹேட் கம் எர்லியர், ஹி வுட் ஹேவ் லிவ்ட்.”

இனி உங்கள் முறை. கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று நடக்கக்கூடியது, ஒன்று இப்போதைய கற்பனை, ஒன்று நடந்து முடிந்தது. எது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சைக்கிள் இருந்தால் பள்ளிக்கு அதில் போவேன், ஆனால் இல்லை.

நாளை சம்பளம் போட்டால் டவுனுக்குப் போவோம்.

அப்பா படித்திருந்தால் கிராணியாகியிருப்பார்.

அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் உரக்கச் சொல்லட்டும். பிள்ளை கேட்டு எழுதட்டும். விடைகளை அடுத்த இதழில் சரிபார்ப்போம்.