மனசுக்கு யார் கோச்?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயது குகேஷ் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனபோது, நம் பத்திரிகைகள் கூடவே ஒரு வெள்ளைக்காரரையும் கொண்டாடின. பேடி அப்டன், தென்னாப்பிரிக்கர். ஆடுகிறவரின் மனசைப் பழக்குகிறவர். முதல் ஆட்டத்திலேயே தோற்று, 12வது ஆட்டத்தில் மறுபடி தோற்ற பையன் 14வது ஆட்டத்தில் எப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தான் என்ற கேள்விக்கு இவரைப் பதிலாகக் காட்டினார்கள். 2011 இல் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியோடும், 2024 இல் பாரிஸில் வெண்கலம் வாங்கிய ஆண்கள் ஹாக்கி அணியோடும் இருந்தவர் இவரே. ஹாக்கிக்காரர்களைப் பாரிஸுக்கு முன் மூன்று நாள் சுவிட்சர்லாந்து மலைகளுக்குக் கூட்டிப்போனார்கள், மனத்திடம் வளர்ப்பதற்காக.

குகேஷின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்டனின் வேலையிலும் மாயமந்திரம் எதுவும் இல்லை. மூச்சைக் கவனிப்பது, ஆட்டத்தை முன்கூட்டியே மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது, நடந்த தப்பை அங்கேயே விட்டு அடுத்த நொடிக்கு வருவது, தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பேச்சை மாற்றுவது, நன்றாகத் தூங்குவது. முப்பது வினாடிக்குள் பாடிப்போய்த் தொட்டுத் திரும்புகிற கபடிக்காரனுக்கு மூச்சைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் தோழர்களிடம் இதைப் பேசினால் சிரிக்கிறார்கள். "ஷூவுக்கே வழியக் காணோம், மனசுக்கு இன்னாத்துக்கு கோச்சு?" இந்தச் சிரிப்போடு எனக்கு உடன்பாடில்லை. மேட்டுக்குடிக்காரனுக்கு மனசு உண்டு, நமக்கு வயிறு மட்டும்தான் என்று நாமே ஒப்புக்கொடுப்பது போலாகிறது. சாதி நம்மை முதலில் அடிக்கிற இடமே மனசுதானே? ஆகவே மனப்பயிற்சி வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அந்தப் பயிற்சி யாரைத் திருத்தப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

வந்தனா கட்டாரியாவை எடுத்துக்கொள்வோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர். ஒலிம்பிக் ஹாக்கியில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண். 2021 ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்றைக்கே ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் சாதி இந்துக்கள் சிலர் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகப் போனதால்தான் தோற்றது என்று கத்தினார்கள் எனக் குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று, வெண்கலப் போட்டியில் பிரிட்டனுக்கு எதிராக வந்தனா மறுபடியும் ஒரு கோல் போட்டார்.

இதைப் 'பொண்ணுக்கு என்ன மனவலிமை' என்று புகழ்ந்துவிட்டுப் போவது சுலபம். பொதுப்புத்தி அதைத்தான் செய்யும். வாசலில் வெடி வெடித்தவனின் மனசுக்கு எந்தக் கோச் என்று கேட்காது. நாட்டுக்காக ஆடப்போன ஒருத்தி, ஊரில் அம்மா அண்ணன்மார் பத்திரமாக இருக்கிறார்களா என்ற கவலையையும் மட்டையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். மற்றவர்களுக்கு எதிரணி மட்டும்தான் எதிரணி.

இனி நம் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைக் குடும்பம். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். ஓடி முடித்ததும் பாலினச் சோதனை. பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஒரு மனுசியின் உடம்பைப் பற்றிய அந்தரங்கத்தை நாடு முழுவதும் டிவியில் வைத்து அலசினார்கள். தமிழக அரசு பரிசுப்பணம் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டுச் சங்கங்கள் கைகழுவிவிட்டன. 2007 இல் அவர் உயிரை விடப் பார்த்தார். 2012 இல் மறுபடி செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்று செய்தி வந்தது. பின்னால் பயிற்சியாளர் படிப்பு முடித்து, வருடக்கணக்கில் போராடித்தான் அரசுப் பயிற்சியாளர் வேலையைப் பெற்றார்.

இதே 800 மீட்டர். 2009 இல் பெர்லினில் உலகத் தங்கம் வென்ற கேஸ்டர் செமன்யாவுக்கும் இதே மாதிரிச் சோதனை, இதே மாதிரி அவமானம். அப்டனின் அதே தென்னாப்பிரிக்காதான். அங்கே அரசும் ஜனங்களும், இது கறுப்புப் பெண்ணின் மீதான தாக்குதல் என்று சொல்லி அவருக்குப் பின்னால் நின்றார்கள். 2010 இல் மறுபடி ஓட வந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசக் கொடியை அவர் கையில் கொடுத்தார்கள். 2016 இல் ஒலிம்பிக் தங்கம். பிற்பாடு வந்த விதிகள் அவரை மறுபடி தடுத்தன. அதற்கும் கோர்ட்டுக்குப் போனார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லியது.

சாந்திக்கு மனவலிமை குறைவு, செமன்யாவுக்கு அதிகம் என்று எந்த உளவியல் நிபுணராவது சொல்லட்டும் பார்ப்போம். ஒருத்தி விழுந்தபோது ஒரு நாடு கை கொடுத்தது. இன்னொருத்தி விழுந்தபோது கை கொடுக்க வேண்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனசு தனியாக நெஞ்சுக்கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற பொருள் என்று நம்புகிறவர்களுக்கு இது விளங்காது.

இன்னொரு சங்கதி. 1938 இல் அமெரிக்காவில் சிக்காகோ கப்ஸ் என்ற பேஸ்பால் குழுவுக்கு கோல்மன் கிரிஃபித் என்ற உளவியலாளரைக் கூலி கொடுத்து அழைத்து வந்தவர் அந்தக் குழுவின் முதலாளி ரிக்லி, சூயிங்கம் கம்பெனிக்காரர். குழுவின் மேலாளர் ஒத்துழைக்கவில்லை, அது வேறு கதை. ஆரம்பத்திலிருந்தே இந்தத் தொழிலுக்குச் சம்பளம் கொடுக்கிறவன் முதலாளி என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் வடக்குப்பட்டில் 2022 இல் தொல்லியல் துறை தோண்டி, கற்காலக் கருவிகளை எடுத்துக் காட்டியது. மேலே, இந்த வட்டாரம் முழுக்க, ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் கம்பெனி பஸ். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்டில் போகிற நம் பசங்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சை இழுத்துவிடு, கண்ணை மூடு, 'என்னால் முடியும்' என்று கத்து என்று வகுப்பு எடுக்கிறார்கள் என்பார்கள். வீரனுக்குச் சொல்லித்தருகிற அதே வித்தை. லைனில் எட்டு மணி நேரம் நிற்பதற்கு, நிரந்தரம் எப்போ என்று கேட்காமல் இருப்பதற்கு. 2024 செப்டம்பர் 9 இல் தொடங்கி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காக 37 நாள் உட்கார்ந்தார்களே, அந்தத் தைரியம் இப்படி ஒரு வகுப்பில் வந்ததல்ல. பக்கத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்திருந்ததால் வந்தது.

கபடியிலும் இதைத்தான் பார்க்கிறோம். காலனி டீமைச் சேர்க்காத ஊர்த்திருவிழாப் போட்டிகள் இன்றும் உண்டு. சேர்த்தாலும் ஜெயிக்கும் நேரத்தில் அம்பயர் விசில் எந்தப் பக்கம் ஊதும் என்பது ஆடுகிறவனுக்குத் தெரியும். கேட்ச் பிடித்துக் கீழே அமுக்கும்போது காதுக்குள் சாதியைச் சொல்லித் திட்டுவான். எழுந்ததும் நம் கோச்சே, "அத்த எல்லாம் மனசுல வச்சிக்காத, ஆட்டத்தப் பாரு, வுட்டுடு" என்கிறார். அந்த நிமிசத்துக்கு அது சரியான யோசனைதான். ஆட்டம் முடிந்த பிறகும் வுட்டுடு என்றால் என்ன அர்த்தம்? நாலு பேர் கேட்க, நாலு பேர் பார்க்கச் சாதி சொல்லித் திட்டுவது 1989 ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மைதானம் என்ன அவன் வீட்டுத் திண்ணையா? சூடு ஆறுவதற்கு மூச்சுப்பயிற்சி, ஆறிய பிறகு புகார் மனு. இரண்டையும் சொல்லித்தருகிறவர்தான் நமக்கான மனக் கோச்.

2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கியபோது, அணியில் இருந்த பெண்ணை எல்லாரும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றார்கள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று சென்னையில் எத்தனை பேர் மறைத்திருக்கிறார்கள்! முகவரி பேரோடு சேர்ந்து ஒலித்தபோது அந்தத் தெருப் பிள்ளைகளின் மனசில் நடந்ததை எந்தப் பயிற்சி முகாமும் செய்துவிட முடியாது.

அரசிடம் கேட்க வேண்டியது உண்டு. மாநில விளையாட்டு விடுதிகளில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினாலு, பதினைந்து வயசில் வீட்டை விட்டு வந்தவர்கள். அங்கே உளவியலாளர்களை நிரந்தரப் பணியில் போட வேண்டும். சாதி என்றால் என்ன, பெண் பிள்ளை கோச்சிடமே பயந்தால் யாரிடம் போவது என்று தெரிந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். பிள்ளை சொல்வதை நிர்வாகத்திடம் போய் ஒப்பிக்காதவர்களாகவும்.

கல்லூரிகளில் உளவியல் படிக்கிற நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டம் வாங்கி கம்பெனி எச்.ஆர். வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை இந்தப் பக்கம் வாருங்கள். செகண்ட் ஷிப்ட் முடிந்து பஸ் இறக்கிவிட்ட பிறகு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ரெண்டு பல்பைக் கட்டிப் பசங்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.