எப்போது கொய்யா, எப்போது தேத்தண்ணி

பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டக் கிளினிக் நடத்துகிற எவருக்கும் இரத்தச்சோகையால் வெளிறிய கண்ணிமை புதிதல்ல. கர்ப்பிணித் தாய்க்கு இரும்பு மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கிறோம். கூடவே, "நல்லாப் பழம் சாப்பிடுங்க தங்கச்சி" என்று சொல்லி அனுப்புகிறோம். எந்தப் பழம், எப்போது என்று சொல்வதில்லை. ஆப்பிள் வாங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் போகிறார்.

லயத்துக் கோடியில் நிற்கிற கொய்யா மரம் யார் கணக்கிலும் வருவதில்லை. அது பிள்ளைகளும் அணிலும் தின்பது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விட்டமின் சி இருக்கிறது. தோடம்பழத்தில் ஏறக்குறைய 50தான்.

ரொட்டி, பருப்பு, கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராத வகை. விட்டமின் சி அதைக் கரைந்த நிலையில் வைத்துக் குடல் உறிஞ்ச வழிசெய்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்கவேண்டும். காலையில் ரொட்டி, பின்னேரம் கொய்யா என்றால் இரத்தத்துக்குப் பெரிய இலாபமில்லை.

தேயிலையின் பொலிபீனோல்கள் இதற்கு நேர்மாறு, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெங்களூரில் இளம்பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த ஒரே கோப்பை தேநீர் இரும்பு உறிஞ்சலை ஏறத்தாழப் பாதியாக்கியது. நம் பெண்களோ ரொட்டியையே தேத்தண்ணியில் தொட்டு இறக்குகிறவர்கள்.

அதற்காகத் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்வது வீண். மழையில் மலையேறிக் கொழுந்து எடுக்கிறவருக்கு அதுதான் சூடு. தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லலாம். வேலைத்தள இடைவேளையில் அது முடியாதென்றால் இராச் சாப்பாட்டில் தொடங்கலாம். அந்த நேரமாவது அவருடையது. சாப்பாட்டோடு நடுத்தரக் கொய்யா ஒன்று, பச்சையாக. ஜாம் காய்ச்சினால் விட்டமின் சி சூட்டில் குறைந்துவிடும். சர்க்கரை நோயாளி தோலோடு கடித்துத் தின்னட்டும், ஜூஸ் வேண்டாம். பிரஷர்காரர் உப்புத் தூள் தொட்டுக்கொள்வதைத்தான் தடுக்கவேண்டும்.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொய்யா ஆகாது, சளி பிடிக்கும் என்று மாமியார் சொல்வார். அடுத்த கிளினிக்குக்கு மாமியாரையும் வரச் சொல்லுங்கள்.

கொய்யா மாத்திரைக்குப் பதிலல்ல, துணை. அந்த மாத்திரையையே தேத்தண்ணியோடு விழுங்குகிறவர்களும் உண்டு. ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் டோஸைப் பற்றி யோசிக்குமுன், "எதைக் குடிச்சு மாத்திரை போட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.